வாடைக்காற்றுக் காலமும் ஒருநாள் கணக்கெடுப்பும்

சென்ற மாரியில் ஒரு பின்னேரம், திருகோணமலை மாவட்டத்து மூதூருக்கு அப்பால் கொட்டியாரக் குடாக் கரையில் உள்ள ஒரு கிராமத்தில், எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். வறிய குடும்பங்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் அஸ்வெசும கொடுப்பனவுக்கு மேன்முறையீட்டுக் கடிதம் எழுதித் தரும்படி அழைத்திருந்தார். கடல் இரைந்துகொண்டிருந்தது. மூன்று கிழமையாக அந்தக் கரையில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. முற்றத்து வேம்பின் கீழ் தார்ப்பாய் போர்த்தபடி ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் பின்பக்கத்தில் மீன்பெட்டியைக் கட்டும் ரப்பர் பட்டி இன்னும் அவிழ்க்கப்படாமலே கிடந்தது.

"கணக்கெடுக்க வந்த பிள்ளை வாகனம் இருக்கிறதா என்று கேட்டது. இருக்கிறது என்றேன், பொய் சொல்ல முடியுமா? ஆனால் தம்பி, அது எங்களுடையது இல்லை, லீசிங்காரனுடையது. பத்தொன்பது தவணை இன்னும் கட்டவேண்டும்."

வீட்டுச் சுவர் கல், கூரை ஓடு. அதுவும் படிவத்தில் ஏறியிருக்கிறது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து, முகாம்களில் வருடங்களைக் கழித்துவிட்டு, காணிக்குத் திரும்பியபோது வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு அது. சுவரைக் கட்டியது இந்தக் குடும்பத்தின் வருமானம் இல்லை. ஆனால் சுவரைப் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

இந்த ஒரு வீட்டுக்குள்ளேயே ஆசியாவின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களைச் சுற்றி நடக்கும் பெரிய வாதம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. உதவி யாருக்குச் சேரவேண்டும் என்பதை எப்படித் தீர்மானிப்பது? வறியவரை ஒவ்வொருவராகத் தேடிப் பொறுக்கி எடுப்பதா, அல்லது வயோதிபம், குழந்தைப் பருவம், வெள்ளம் போன்று எல்லோருக்கும் வரக்கூடிய நிலைகளுக்கு ஏற்பப் பரவலாகக் கொடுப்பதா? நான் இரண்டாவது பக்கத்தில் நிற்கிறேன். அதற்கான காரணங்கள் பெரும்பாலும் திருகோணமலை மாவட்டத்தின் காற்றிலும் கடலிலும்தான் இருக்கின்றன.

முதலில் அஸ்வெசும எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் இது தொடங்கியது. அதற்கு முன்னிருந்த நிவாரணத் திட்டமான சமுர்த்தியில் யார் பயனாளி என்பது பல இடங்களில் ஊர்க் கட்சிக்காரரின் கையில் இருந்தது என்ற குற்றச்சாட்டு நீண்டகாலமாக உண்டு. அந்தப் பழியைத் துடைக்க, மனித விருப்பு வெறுப்பு நுழையாத ஒரு கணக்கு வேண்டும் என்றார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு பகுதிகளில் 22 குறிகாட்டிகள் வைக்கப்பட்டன. வீடு வீடாகச் சென்று விபரம் எடுத்து, புள்ளி போட்டு, குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். மிகவும் வறிய 4 இலட்சம் குடும்பங்களுக்கு மாதம் 15,000 ரூபாய், வறிய 8 இலட்சம் குடும்பங்களுக்கு 8,500 ரூபாய், பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ள 4 இலட்சம் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய், நிலைமாறும் கட்டத்தில் உள்ள 4 இலட்சம் குடும்பங்களுக்கு 2,500 ரூபாய். கடைசி இரண்டு வகைகளும் முடிவுத் தேதி குறிக்கப்பட்டே தொடங்கின, பின்பு நீட்டிக்கப்பட்டன. பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. இது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இடையில் நிற்கும் கை குறைந்தால் குனிந்து நிற்கவேண்டிய வாசல்களும் குறையும்.

ஆனால் முதற்பட்டியல் வெளியானதும் நாடு முழுவதிலுமிருந்து 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. மூன்று கிழமைக்கு மேல் எங்கள் பக்கத்துப் பிரதேச செயலகங்களின் வாசலில் வரிசை நின்றது. வரிசையில் நின்றவர்களைப் பேராசைக்காரர் என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பேச்சு என்னை இன்றுவரை வருத்துகிறது. ஏனென்றால் பிழை வரிசையில் நின்றவர்களுடையது இல்லை, கணக்கின் இயல்பிலேயே இருந்தது.

மாதச் சம்பளக்காரரின் வருமானம் சம்பளப் பட்டியலில் இருக்கும். கரைவலை இழுப்பவருக்கும் களை பிடுங்கப் போகும் பெண்ணுக்கும் அப்படி எதுவும் கிடையாது. ஆகவே பார்க்க முடியாத வருமானத்தை, பார்க்கக்கூடிய அடையாளங்களைக் கொண்டு ஊகிக்கிறார்கள். சுவர், கூரை, வாகனம், மின்சாரம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் நாட்பட்ட நோயாளி. இலட்சக்கணக்கான குடும்பங்களைச் சராசரியாகப் பார்க்கும்போது இந்த ஊகம் ஓரளவு சரியாக வரும். தனி ஒரு வீட்டு வாசலில் அது அடிக்கடி சறுக்கும். அதிலும், மிகப் பெருந்தொகையான மக்கள் வறுமைக்கோட்டுக்குச் சற்று மேலும் கீழுமாக நெருக்கியடித்து நிற்கும் நாட்டில், ஒரு புள்ளி வித்தியாசம் ஒரு குடும்பத்தை உள்ளே எடுக்கும், அடுத்த வேலிக் குடும்பத்தை வெளியே தள்ளும். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி இலங்கையில் வறுமை 2021இல் சுமார் 13 சதவீதமாக இருந்து 2022இல் சுமார் 25 சதவீதமாக ஏறியது. ஒரே ஆண்டில் இரண்டு மடங்கு. அப்படிப் புதிதாகக் கீழே விழுந்தவர்களின் வீட்டில் பழைய நல்ல காலத்துப் பொருட்கள் இருக்கத்தான் செய்யும். வருமானம் ஒரு மாதத்தில் அற்றுப்போகலாம், ஓட்டுக்கூரை அப்படிப் போய்விடாது.

இந்தோனேசியாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2008 அளவில் 640 கிராமங்களை எடுத்து, சிலவற்றில் சொத்துக் கணக்கின்படியும், சிலவற்றில் ஊர்மக்களே கூடியிருந்து யார் மிகவும் இல்லாதவர் என்று வரிசைப்படுத்தியும், மற்றவற்றில் இரண்டையும் கலந்தும் பயனாளிகளைத் தேர்ந்தார்கள். செலவை மட்டும் அளவுகோலாக வைத்தால் சொத்துக் கணக்கு சற்று முன்னால் நின்றது. ஆனால் ஊர்கூடித் தேர்ந்த இடங்களில் முறைப்பாடு குறைவு, திருப்தி அதிகம். ஊரார் வறுமையை வேறுவிதமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் படுவது. உழைக்கும் கை எத்தனை, கணவனை இழந்தவளா, கஷ்டம் வந்தால் தாங்க யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் அவர்கள் மனதில் கொண்டிருந்தார்கள். நம் ஊரில் ஒரு கிழவியைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாள். ஊர்க் கூட்டத்திலும் சாதி, மதம், கட்சி, பழைய பகை எல்லாம் வந்து உட்காரும் என்பதையும் நான் மறக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த கிராமங்களில் வாழும் எங்கள் மாவட்டத்தில் அந்த அச்சம் நியாயமானது.

இனிக் காற்றுக்கு வருகிறேன். கிழக்குக் கரையில் வாடை எழுந்தால் சிறுதொழிலாளிக்குக் கடல் இல்லை. கார்த்திகை முதல் தை, மாசி வரை வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். பங்குனியில் கடல் படுத்ததும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கூட இங்கே வந்து வாடி, அதாவது கரையில் தங்கும் கொட்டில், அடிப்பார்கள். அப்போது குச்சவெளியிலிருந்து வெருகல் வரை கரை முழுவதும் உயிர் பெற்றுவிடும். வயலும் அப்படியே. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு காசு ஓடும், விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் கூலிக்காரர் வீட்டில் அடுப்பு மெலியும். ஆக, ஒரே குடும்பம் ஓர் ஆண்டுக்குள் இரண்டு குடும்பமாக இருக்கிறது. பங்குனிக்குப் பின் கணக்கெடுத்தால் அவர்கள் ஓரளவு உள்ளவர்கள். மார்கழியில் எடுத்தால் தோடு அடகில், பிள்ளைகளுக்குக் காலையில் வெறும் தேநீர். ஆண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் ஒரு படம் இந்த ஏற்ற இறக்கத்தில் எதைக் காட்டும்?

அந்த இடைக்காலத்தை இந்த மக்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்று பார்த்தால் அரசின் இடத்தில் வேறு யாரோ நிற்பது தெரியும். சீட்டு, அடகுக்கடை, கடைக் கொப்பி, வள்ளமும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டியின் முற்பணம். யுத்தத்துக்குப் பின் இவற்றோடு நுண்கடனும் சேர்ந்தது. கிழமைக்கு ஒருமுறை வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் கடன். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை அரசு பொறுப்பேற்கவேண்டி வந்தது என்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்று யோசியுங்கள். சமூகப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் அந்த வேலையைக் கடன்தான் செய்யும், அதற்கு வட்டியும் எடுக்கும். மூதூரிலும் கிண்ணியாவிலும் எத்தனையோ தாய்மார் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போனதும் இதே கணக்கில்தான் வரும். பிள்ளைகளை அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ விட்டுவிட்டு விமானம் ஏறிய அந்தப் பெண்கள்தான் தங்கள் குடும்பங்களின் காப்புறுதி.

அரச சேவையில் உள்ளவருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் நிறுவனத்தில் பதிவோடு வேலை செய்பவருக்கு 1958 முதல் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். விவசாயிக்கு 1987இலும் மீனவருக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. விவசாயிகளின் நிதி வற்றிப்போய் இடையில் கொடுப்பனவே நின்ற காலமும் உண்டு. கூலிக்குக் கடல் போகிறவருக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் இவற்றில் எதுவும் பெரும்பாலும் எட்டுவதில்லை. மேலே உள்ளவருக்குக் காப்புறுதி, அடியில் உள்ள சிலருக்கு நிவாரணம், நடுவில் உள்ள பெருங்கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. வளரும் ஆசிய நாடுகளில் மிகப் பல இப்படித்தான் இருக்கின்றன.

இலங்கை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1940களிலிருந்து கூப்பன் அரிசி அநேகமாக எல்லோருக்கும் கிடைத்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். எல்லோரும் ஒரே கூப்பன் கடை வரிசையில் நின்றதால்தான் எல்லோரும் சேர்ந்து எழுந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். 1970களின் கடைசியில் அரிசிப் பங்கீடு சனத்தொகையின் கீழ்ப்பாதிக்குச் சுருக்கப்பட்டது. 1979இல் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் ரூபாய்த் தொகைதான் அச்சிடப்பட்டிருந்தது. விலைவாசி ஏற ஏற, சில ஆண்டுகளுக்குள் அதன் பெறுமதி ஏறத்தாழ பாதியாகக் கரைந்தது. பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. இழந்தவர்கள் வறியவர்கள் மட்டுந்தானே. பின்னர் 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. பெயர் மாறும்போதெல்லாம் பட்டியலும் மாறியது, ஒவ்வொரு முறையும் பழைய பட்டியலில் இருந்த சிலர் எங்கோ தொலைந்துபோனார்கள்.

இந்தக் கரைதலை இன்றும் காண்கிறோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஏற்றத்துக்குப் பிறகு, 2023 அளவில், ஓர் ஆள் மாதம் உயிர்வாழத் தேவையான குறைந்தபட்சச் செலவு, அதாவது உத்தியோகபூர்வ வறுமைக்கோடு, சுமார் 16,000 ரூபாயாக இருந்தது. மிகவும் வறிய ஒரு முழுக் குடும்பத்துக்கும் அஸ்வெசும கொடுத்தது 15,000. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஓர் ஆளின் வறுமைக்கோட்டைவிடக் குறைந்த தொகை. 2025இலிருந்து அது 17,500 ஆகவும், வறியோருக்கான தொகை 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டதை வரவேற்கிறேன். ஆனால் கொடுப்பனவு விலைவாசியோடு தானாக ஏறும்படி சட்டத்தில் எழுதப்படும்வரை, ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் மக்கள் வாய் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டில் சமூகப் பாதுகாப்புச் செலவுக்குக் கீழெல்லை ஒன்று வைக்கப்பட்டது உண்மை. அது தேசிய உற்பத்தியில் 1 சதவீதத்துக்கும் குறைவு.

"எல்லோருக்கும் கொடுக்க ஏழை நாட்டிடம் காசு எங்கே?" என்ற கேள்விக்கு நேபாளம் பதில் வைத்திருக்கிறது. 1990களின் நடுவில், இலங்கையைவிட மிக வறிய நாடாக இருந்தபோதே, 75 வயது கடந்த எல்லோருக்கும் மாதம் 100 ரூபாய் என்று அங்கே தொடங்கினார்கள். தொகை சிறியதுதான். ஆனால் கூரையைப் பார்க்கவில்லை, மோட்டார் சைக்கிளைக் கேட்கவில்லை, வயதை மட்டும் கேட்டார்கள். அந்தத் தொகை இன்று 4,000 நேபாள ரூபாய், வயதெல்லை 68. எந்தக் கட்சி வந்தாலும் அதைக் குறைக்கத் துணிவதில்லை, கூட்டத்தான் போட்டி. தாய்லாந்தும் முதலில் வறிய முதியவரை மட்டும் ஊர்க் குழுக்கள் மூலம் தேர்ந்து பார்த்தது. பலர் விடுபட்டார்கள். 2009இல் வேறு ஓய்வூதியம் இல்லாத எல்லா முதியவருக்கும் அதை விரித்தது.

தமிழ்நாட்டில் நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் ஒன்று உண்டு. 1997இல் இந்தியா நியாய விலைக் கடை அரிசியை வறியோருக்கு என்று பிரித்தபோது தமிழ்நாடு அந்தப் பிரிப்பை ஏற்காமல் எல்லோருக்கும் என்ற முறையையே தொடர்ந்தது. வசதியுள்ளவர்களில் பலர் தாமாகவே அரிசி வாங்கப் போவதில்லை. 2023 செப்டெம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையில் எல்லோரும் இல்லை, வடிகட்டல் இருக்கிறது. ஆனால் அது மேலிருந்து வடிகட்டுகிறது. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்கு மேல், ஐந்து ஏக்கருக்கு மேல் நன்செய், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் என்றால் விலக்கு. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார்கள். கோட்டுக்கு அருகே நெருக்கியடித்து நிற்பவர்களிடையே கத்தி வைப்பதைவிட, தெளிவாக மேலே நிற்பவரை மட்டும் கழித்துவிடுவது சுலபமானது, பிழையும் குறைந்தது. அஸ்வெசும இதை யோசித்துப் பார்க்கலாம்.

நிபந்தனையோடு கொடுக்கும் முறையும் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் திட்டத்தில் பிள்ளை பள்ளிக்கூட நாட்களில் 85 சதவீதம் வந்திருக்கவேண்டும், தாய் சிகிச்சை நிலையத்துக்குப் போகவேண்டும். பாடசாலையும் ஆஸ்பத்திரியும் ஏற்கெனவே இலவசமாக இருக்கும் நம் நாட்டில் இதற்கு அவ்வளவு தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்தத் திட்டத்தின் இன்னொரு பக்கம்தான் என்னைக் கவர்ந்தது. 2013இல் ஹையான் புயல் அடித்தபோது, ஏற்கெனவே இருந்த பட்டியலையும் வங்கி வழியையும் வைத்துக்கொண்டு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மேலதிகப் பணத்தை வேகமாக அனுப்ப முடிந்தது, நிபந்தனைகளையும் அப்போது தளர்த்தினார்கள். பாகிஸ்தானின் பெனசிர் வருமான உதவித் திட்டம் பணத்தைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேயே கொடுத்தது. அதைப் பெற அடையாள அட்டை வேண்டும் என்பதால், அதுவரை அரசின் கணக்கில் பெயரே இல்லாத ஏராளமான பெண்கள் முதன்முறையாக அட்டை எடுத்தார்கள்.

ஹையானைப் படிக்கும்போது எங்கள் கரைதான் நினைவுக்கு வருகிறது. 2004 டிசம்பர் 26க்குப் பின், கிண்ணியாவிலும் மூதூரிலும் கரையோரம் இருந்ததெல்லாம் இல்லாமல்போன அந்த வாரங்களில், ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபாய் பெறுமதியான நிவாரணமும் குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாயும் கொடுத்தார்கள். அதிலும் குளறுபடிகள் இருந்தன. ஆனால் கேட்ட கேள்வி எளியது, கடல் உன் வீட்டுக்கு வந்ததா என்பதுதான். அடுத்தடுத்த இடர்களில் அந்த வழி தயாராக இருக்கவில்லை. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது மீண்டும் புதிதாகப் பட்டியல் போட்டு 5,000 ரூபாய் கொடுத்தோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து மகாவலி பெருகியபோது மீண்டும் புதிதாகப் படிவம் நிரப்பினோம். மகாவலி கடலில் சேரும் இடத்தில் இருக்கும் ஒரு மாவட்டத்துக்கு வெள்ளம் எதிர்பாராத விருந்தாளி இல்லை.

எனக்குச் சரியாகத் தோன்றுவது இதுதான். எழுபது வயது கடந்த எல்லோருக்கும், சிறு குழந்தை உள்ள எல்லா வீட்டுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் நிபந்தனையற்ற ஒரு சிறு தொகை. அரச ஓய்வூதியம் உள்ளவரையும் வெளிப்படையாக வசதியுள்ளவரையும் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல், மிகவும் இல்லாதவருக்கு அஸ்வெசும இப்போது செய்வதுபோல் கூடுதல் தொகை. கடல் மூடும் மாதங்களுக்குப் பதிவுபெற்ற கடற்றொழில் குடும்பங்களுக்கு ஒரு பருவக் கொடுப்பனவு. வாடை எப்போது எழும் என்பது இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், திறைசேரிக்கு அதைத் திட்டமிடுவது கஷ்டமாக இருக்கமுடியாது. செலவு கூடும். வரி கட்டக்கூடியவர்கள் கூடுதலாகக் கட்டவேண்டிவரும். 1940களில் கூப்பன் அரிசியும், 1945இல் இலவசக் கல்வியும் கொடுத்தபோதும் இது பணக்கார நாடாக இருக்கவில்லை.

கடிதத்தை எழுதி முடித்தபோது இருட்டிவிட்டது. லீசிங் ஒப்பந்தத்தின் பிரதியையும், கடைசியாகக் கட்டிய தவணையின் பற்றுச்சீட்டையும் இணைத்தோம். வீடு யார் கட்டித் தந்தது என்று ஒரு பந்தி எழுதினேன். கணவர் சொந்த வள்ளக்காரர் இல்லை, கூலிக்குப் போகிறவர் என்று இன்னொன்று. "தயவுசெய்து மீண்டும் ஒருமுறை நேரில் வந்து பார்வையிடவும்" என்று முடித்து வாசித்துக் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பேனாவைத் திருப்பி என் கையில் வைத்தார்.

"தம்பி, பங்குனிக்கு முன்னம் வரச்சொல்லி எழுதுங்கள்."